பறங்கி விதையை எறிதல் தகுமா?

நம் ஜில்லாவில் பறங்கிக் கொடி படராத கிராமத்தைக் காண்பது அரிது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும், சோழவந்தான், வாடிப்பட்டி வாய்க்கால் ஓரங்களிலும், உசிலம்பட்டிக் கிணற்றுத் தோட்டங்களிலும், திருமங்கலம், பேரையூர்க் கரிசலிலும் ஏதேனும் ஒரு மூலையில் அது படர்ந்து கிடக்கும். தோட்டக்கால் உடையவர் ஏக்கர் கணக்கில் பயிரிடுகின்றனர். இல்லாதவர் குப்பைமேட்டின் ஓரத்தில் இரண்டு விதையை ஊன்றிக் கூரைமேல் ஏற்றிவிடுகின்றனர். மார்கழியில் அதன் பூ வாசற்கோலத்தில் இடம்பெறுகின்றது. தைப் பொங்கலன்று அதன் காய் குழம்பில் சேருகின்றது. பூவும் காயும் இவ்வாறு நமக்குப் பயன்பட, அக்காயின் உள்ளே முந்நூறு நானூறாகச் செறிந்து கிடக்கும் விதையை மட்டும் நாம் நாரோடு சேர்த்து வழித்துக் குப்பையில் எறிந்துவிடுகின்றோம். இவ்வழக்கம் தகாது என்பது என் அபிப்பிராயம்.

"விதையைப் பொறுக்கித்தான் குடியானவன் பிழைக்க வேண்டுமோ?" என்று கேட்டுச் சிரிக்கும் மிராசுதார்கள் சிலர் இருக்கின்றனர். அவர்களை நான் அறிவேன். அவர்கள் வீட்டிலேயே நகரத்துக் கடையிலிருந்து கால் கிலோ பறங்கிப் பருப்பைப் பளபளப்பான உறையில் வாங்கி வந்து, டாக்டர் சொன்னார் என்று காலையில் எண்ணி எண்ணி உண்பதையும் அறிவேன். அப்பருப்பு கிலோ பல நூறு ரூபாய் விலையுள்ளது. தம் தோட்டத்தில் விளைந்ததை எறிந்துவிட்டு, எங்கோ விளைந்ததைக் காசு கொடுத்து வாங்குதல் எந்த விதமான மிராசு என்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அச்சந்தையிலோ, மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டிலோ காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் நான் கூறும் விஷயம் கண்கூடாகத் தெரியும். பறங்கி பெரிய காயாகையால் சிறு குடும்பத்தார் முழுக்காயை வாங்குவதில்லை. விற்பவர் அதைப் பத்தை பத்தையாக அரிந்து வைக்கின்றார். அரியும்போதே உள்நாரையும் விதையையும் ஒரே வீச்சில் வழித்துக் காலடியில் தள்ளுகின்றார். பொழுது ஏறுவதற்குள் அது ஒரு குவியலாகின்றது. பிறகு மாடு தின்றது போக மிச்சம் குப்பை வண்டியில் ஏறுகின்றது. பத்தைக்கு விலை பேசி இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லும் நாம், அக்குவியலை ஒரு தரமேனும் திரும்பிப் பார்த்ததுண்டா?

விதை எவ்வளவு தேறும் என்பதை ஊகத்தால் கூறாமல் தராசில் வைத்தே பார்த்தேன். முற்றிய காய் ஒன்று ஆறு கிலோ நின்றது. அதிலிருந்து எடுத்துக் கழுவி, நன்றாய் உலர்த்திய விதை 75 கிராம் இருந்தது. இது காயின் எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. வகைக்கும் முற்றலுக்கும் தக்கவாறு இக்கணக்குக் கூடவும் குறையவும் செய்யும். நேயர்கள் தங்கள் காயையே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இனி, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ-2 என்னும் வகை ஹெக்டேருக்கு 23 முதல் 25 டன் வரை காய்க்க வல்லது. ஏக்கருக்கு ஒன்பது பத்து டன் என்று வைத்துக்கொள்வோம். விலை சரிந்த பருவத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு விற்காமல் வயலிலேயே நின்றுவிட்டால், ஒரு டன் காய் வீணாகின்றது. அந்த ஒரு டன் காய்க்குள் பன்னிரண்டரைக் கிலோ உலர்ந்த விதை இருக்கின்றது. இந்தக் கணக்கைத்தான் சிரிப்பவர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

விலை சரிதல் நமக்குப் புதிதன்று. ஒரே சமயத்தில் எல்லோரும் பறித்தால், பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதாத விலை வருவதுண்டு. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் சந்தைகள் அடைபட்டபோது காய்கறி பயிரிட்டவர் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளியும் கத்தரியும் இரண்டு நாளில் அழிந்துபோகும். பறங்கியோ, முற்றிய காயாயின், மாதக்கணக்கில் தாங்கும். அத்தகைய காயையும் கொடியோடு சேர்த்து உழுதுவிட்டவர் உண்டு. உழுததில் தவறில்லை, அது நிலத்துக்கு உரமாகும். உழுவதற்கு முன் நாலு பெண்கள் அரிவாளோடு ஒரு நாள் இறங்கியிருந்தால் விதையாவது வீடு வந்து சேர்ந்திருக்கும்.

இதைப் படிக்கும் சிலர் வியப்படையக்கூடிய ஒரு செய்தி உண்டு. ஐரோப்பாவில் ஆஸ்திரியா தேசத்தின் ஸ்டைரியா என்னும் மாகாணத்தில் பறங்கியை விதைக்காகவே பயிரிடுகின்றனர். அங்கே யந்திரம் வயலில் காயைப் பிளந்து விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, சதையை வயலிலேயே எருவாக விட்டுச் செல்கின்றது. அவ்விதையை வறுத்து ஆட்டிய கரும்பச்சை எண்ணெய்க்கு 1996-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் புவிசார் பெயர்க் காப்பு உள்ளது. நம் மதுரை மல்லிகைக்கு 2013-ல் கிடைத்த புவிசார் குறியீடு போன்றது அது. அவர்கள் விதையை எடுத்துக்கொண்டு சதையை எறிகின்றனர்; நாம் சதையை எடுத்துக்கொண்டு விதையை எறிகின்றோம். இரண்டையும் எடுத்துக்கொள்ளும் பாக்கியம் பெற்றவர் நாமே, ஏனெனில் நம் காயின் சதை உண்ணத் தக்கது. எனினும், ஸ்டைரியாவைப் போல நாமும் விதைக்கென்றே பறங்கியைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்யலாம் என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளேன். அங்குள்ளது ஓடில்லாத தனி வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தற்செயலாய்த் தோன்றிய ஒரு மாறுதலால் கிடைத்தது. நம் நாட்டு விதைக்குக் கெட்டியான ஓடு உண்டு. நமக்கு விதை உபரி வருமானமே. அதை முதற்பயிராக எண்ணி நிலத்தைத் திருப்புவது கைமுதலைச் சூதில் வைப்பதை ஒக்கும்.

பறங்கி என்னும் பெயரே இச்செடி கடல் கடந்து வந்ததென்பதைக் காட்டுகின்றது. இதன் தாயகம் அமெரிக்கா. மெக்ஸிகோவில் கிலா நக்கீட்ஸ் என்னும் குகையில் ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, மனிதர் பயிரிட்ட இவ்வினத்து விதைகள் அகப்பட்டிருக்கின்றன. காட்டுக் காயின் சதை கசப்புடையது. ஆகையால் ஆதியில் மனிதர் இதை விதைக்காகவே பயிரிட்டனர், இனிய சதை பின்னால் வந்தது என்று அறிஞர் கருதுகின்றனர். இன்றும் மெக்ஸிகோவில் வறுத்த விதையை அரைத்துக் குழம்பு வைக்கின்றனர். செடியைப் பெற்றுக்கொண்ட நாம் அதன் பாதி உபயோகத்தைப் பெற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டோம் போலும்.

ஆகாரச் சத்தைப் பற்றி மிகைப்படுத்தாமல் கூறவேண்டியது அவசியம். ஓடு நீக்கிய உலர்ந்த பருப்பு 100 கிராமில் புரதம் சுமார் 30 கிராமும், கொழுப்பு சுமார் 49 கிராமும் உள்ளன. நிலக்கடலையில் கொழுப்பு இதே அளவு. புரதம் 25 கிராமுக்குச் சற்று மேல். இரும்புச் சத்து கடலையில் நாலரை மில்லிகிராம் இருக்க, பறங்கிப் பருப்பில் எட்டு மில்லிகிராமுக்கு மேல் இருக்கின்றது. துத்தநாகமும் மெக்னீசியமும் இதில் மிகுதி. கடலைக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் கால் பங்காவது இதற்கு உரியதன்றோ?

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் நிலத்தையுடைய வீடுகளிலும் இது உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கைப்பிடிப் பறங்கிப் பருப்பு இக்குறையைத் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. முப்பது கிராம் பருப்பில் இரும்பு இரண்டரை மில்லிகிராம் அளவே இருக்கும்; அதிலும் விதைகளில் இயல்பாய் உள்ள பைட்டேட் என்னும் பொருள் ஒரு பங்கை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்த்தால் சேர்மானம் கூடும். காப்பி, தேநீரோடு உண்டால் குறையும். மருத்துவர் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கு இது மாற்றன்று. மாத்திரையை நிறுத்தாமல், அன்றாட ஆகாரத்தில் சேர்க்கத்தக்க, காசு செலவில்லாத ஒரு பொருள் என்ற அளவில் இதை மதித்தால் போதும்.

நாடாப்புழுவுக்குப் பறங்கி விதை கொடுக்கும் கைவைத்தியம் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்க மருந்து நூலிலும் 1863 முதல் 1936 வரை இது இடம்பெற்றிருந்தது. இன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது, குழந்தைக்கு விதையைக் கொடுத்துக் காத்திருப்பது புத்திசாலித்தனமன்று.

இனி, விதையைப் பக்குவப்படுத்தி வறுக்கும் முறையைச் சற்று விரிவாகவே கூறுவேன். சொல்லக் கேட்டால் எளிது. செய்யும்போது நான் முதல் இரண்டு தடவையும் கெடுத்தேன். ஒரு தடவை பூஞ்சணம் பூத்தது, மறு தடவை கருகியது.

முதலாவது, காய் முற்றியிருத்தல் வேண்டும். கறிக்கென்று இளசாகப் பறித்த காயின் விதை சப்பையாய் இருக்கும். ஓட்டுக்குள் பருப்பே இராது. தோலில் நகம் இறங்காமல், காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகியிருப்பது முற்றலுக்கு அடையாளம். பறித்த உடனே பிளக்காமல் இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தால் விதை இன்னும் திரளும், சதையும் இனிக்கும். ஆகையால் அவசரப்பட வேண்டியதில்லை.

காயைப் பிளந்ததும் நாரையும் விதையையும் கையால் வழித்து, அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர்விட்டு அதில் போட்டுப் பிசைய வேண்டும். நார் பிரிந்துவிடும், விதை மேலே மிதக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. நெல்விதையை உப்புநீரில் இட்டு, மிதப்பது சாவி, தாழ்வது நல்ல மணி என்று பிரிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே எண்ணத்தில், மிதக்கும் பறங்கி விதையைப் பதர் என்று வடித்துக் கொட்டிவிட்டார் எங்கள் வீட்டுப் பண்ணையாள் ஒருவர். பறங்கி விதையில் நல்லதும் மிதக்கும். சப்பையானதைக் கையால் தடவித்தான் கழிக்க வேண்டும்.

நார் நீங்கிய பின்னும் விதையின்மேல் வழவழப்பான சவ்வு ஒன்று இருக்கும். அது நீங்காவிடில் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உலரும். வறுக்கும்போது சவ்வு முதலில் தீய்ந்து கசப்பைத் தரும். கைப்பிடிக் கல்லுப்பைப் போட்டுச் சொரசொரப்பான துணியில் வைத்துத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் போய்விடும். சோம்பலால் இரவு முழுவதும் நீரில் ஊறவிடுவோர் உண்டு. மதுரை வெயிற்காலத்தில் அது விடிவதற்குள் புளித்து வாடை வீசும்.

உப்புச்சுவை உள்ளே இறங்க வேண்டுமாயின், வறுத்தபின் உப்புத் தூவுவதால் பயனில்லை. அது ஓட்டின் மேலேயே நின்றுவிடும். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பிட்டுக் கொதிக்கும்போது விதையைப் போட்டுப் பத்து நிமிஷம் வேகவிட்டு வடித்தால், உப்பு ஓட்டைத் தாண்டிப் பருப்பைச் சேரும்; ஓடும் பின்னால் மொறுமொறுப்பாகும். ஓட்டோடு மென்று தின்னும் பழக்கமுள்ளவர்களுக்கு இம்முறையே தக்கது. இரத்தக் கொதிப்புள்ளவர் உப்பில்லாமலே வறுத்துக்கொள்க.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். காகிதத்தின்மேல் பரப்பினால் விதை அதில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாளில் பரப்பினால் அடிப்பக்கம் வியர்த்து நிற்கும். சுளகு நல்லது; அல்லது, கயிற்றுக் கட்டிலின்மேல் மெல்லிய வேட்டியை விரித்து ஒற்றைப் பரப்பாகப் போட்டால் மேலும் கீழும் காற்றோடும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் போதும். அணிலும் கிளியும் எலியும் இதன் ருசியை நம்மைக்காட்டிலும் நன்றாய் அறிந்திருக்கின்றன. ஆகையால் காவல் இன்றி மாடியில் விட்டு வருதல் கூடாது. உலர்ந்ததா என்பதற்குச் சோதனை ஒன்றுண்டு: விதையை வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கின்றது என்று கொள்க.

வறுப்பதற்கு நான் இரும்புச் சட்டியைவிட மணலையே சிறந்ததென்பேன். கடலையும் பட்டாணியும் வறுப்பவர் காலங்காலமாய் மணலில் வறுப்பதற்குக் காரணம் உண்டு. மணல் சூட்டை வாங்கி விதையின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சீராய்த் தரும். வெறுஞ்சட்டியில் தரையோடு படும் பக்கம் மட்டும் கருகும். சலித்துக் கழுவி உலர்த்திய ஆற்றுமணல் இரண்டு கைப்பிடியைச் சட்டியில் காயவைத்து, தீயைக் குறைத்து, விதையைக் கொட்டி இடைவிடாமல் கிளற வேண்டும். விதையில் ஈரமிருந்தால் மணல் ஒட்டிக்கொண்டு பல்லை உடைக்கும் என்பதை நினைவில் வைக்க. சில நிமிஷத்தில் படபடவென்று ஓசை கேட்கும். உடனே ஒன்றை எடுத்துப் பிளந்து பார்க்க. பருப்பு வெளிறிய பொன்னிறமாய் இருந்தால் அப்போதே இறக்கிச் சல்லடையில் கொட்டிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் தோற்றோம், ஏனெனில் இறக்கிய பின்னும் உள்ளே உள்ள சூடு வறுத்துக்கொண்டே இருக்கும். பாதிக்குப் பாதி எண்ணெயுள்ள பருப்பு எளிதில் தீயும், தீய்ந்தால் கசக்கும்.

நன்றாய் ஆறிய பின்னரே மூடியுள்ள டப்பாவில் இடுக. வறுத்த விதை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ருசியாய் இராது. எண்ணெய் காறிச் சிக்கு வாடை எழும். ஆகவே உலர்ந்த விதையைப் பச்சையாகவே சேமித்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு வறுத்துக்கொள்வதே சிக்கனம். ஓடு நீக்கிய பருப்போடு வரமிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்து இடித்த பொடி, இட்லிக்கு எள்ளுப் பொடியைக் காட்டிலும் நன்றாய் இருக்கின்றது என்பது எங்கள் வீட்டார் தீர்ப்பு, மற்றவர் மாறுபடலாம். சிறு குழந்தைகளுக்கு முழுவிதையாகக் கொடுத்தல் ஆபத்து, தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குப் பொடியே தகுந்தது.

பருவத்தைக் குறித்தும் சொல்ல வேண்டியதுண்டு. பறங்கிக்கு ஆனி ஆடியிலும், மார்கழி தையிலும் விதைப்புப் பருவம். மார்கழியில் விதைத்தது சித்திரை வாக்கில் முற்றும். அதன் விதையை உலர்த்த வெயிலுக்குக் குறைவில்லை. ஆனியில் விதைத்தது ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து நிற்கும். மேகமூட்டத்தில் உலர்த்திய விதையில் பூஞ்சணம் பூத்தே தீரும். பூஞ்சணம் பூத்ததைக் கழுவி வறுத்துத் தின்பது ஈரலுக்குக் கேடு. ஆகையால் மழைக்காலத்தில் விதையை எடுக்கவே வேண்டாம். முற்றிய காயைக் காம்போடு அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், பரணிலோ உறியிலோ காற்றோட்டமாய் வைத்திருந்தால் தை மாதம் வரை தாங்கும். நம் பாட்டிமார் வீட்டு உத்திரத்தில் பறங்கிக்காயைத் தொங்கவிட்டிருந்தது இதனால்தான். விதைக்கு அக்காயைவிடச் சிறந்த களஞ்சியம் வேறில்லை.

உண்ணத் தகாத விதை எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விதைப்பதற்கென்று கடையில் வாங்கும் விதையில் பூச்சி மருந்தும் பூஞ்சண மருந்தும் தடவிச் சிவப்போ நீலமோ சாயம் ஏற்றியிருப்பர். மீந்துபோன அவ்விதையை எக்காரணத்தாலும் வறுக்கலாகாது; குழந்தைகள் கைக்கு எட்டவும் விடலாகாது. தானாய் முளைத்த கொடியின் காய் சில சமயம் கசக்கும். அக்கசப்பு நஞ்சு. அத்தகைய காயையும் விதையையும் ஒரு துண்டு கடித்தவுடனே துப்பிவிடுக. சமைத்தாலும் வறுத்தாலும் அது நீங்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. வறுப்பதில் ஊக்கம் பிறந்து, விதைக்கு வேண்டியதையும் வறுத்துத் தின்றுவிடும்படி ஆகக்கூடாது. ஹெக்டேருக்கு ஒரு கிலோ, அதாவது ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். ஆறு கிலோ காய் ஆறில் அது கிடைத்துவிடும். தோட்டத்தில் முதலில் காய்த்த, நோயில்லாத, திரண்ட காயுள்ள ஆறு கொடிகளைப் பூவிலேயே குறித்து வைத்து, கொடிக்கு ஒரு காய் வீதம் விதைக்கென்று விட்டு, மிச்சத்தை வறுக்கட்டும். ஒட்டுவிதையிலிருந்து வந்த காயாயின், அதன் விதையை உண்ணலாம், விதைக்கலாகாது. அடுத்த தலைமுறையில் குணம் சிதறும். கடை விதையையே நம்பத் தொடங்கிய பின் நம் ஜில்லாவின் நாட்டுப் பறங்கிகள் பல வீடுகளிலிருந்து மறைந்துகொண்டிருக்கின்றன. வரி வரியாய்ப் புடைத்த பெருங்காயும், தட்டையாய் உருண்ட சிறுகாயும் ஒரு காலத்தில் ஒரே தெருவில் இருந்தன. இவற்றின் விதையைச் சாம்பலில் புரட்டி, பானையில் இட்டு, அடுப்புக்கு மேலே கட்டி வைத்திருந்தவர் அவ்வீட்டுப் பெண்கள். விதையை வழித்து எறியப் பழகிய கை, விதையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தையும் கூடவே எறிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகின்றது. வறுப்பதற்காகவேனும் அக்கை மீண்டும் காயின் உள்ளே நுழையுமாயின், நல்ல விதை எது என்று பார்க்கும் கண்ணும் திரும்பி வரும்.

கிராம அதிகாரிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 1980-ல் பழைய கர்ணம், மணியம் பதவிகள் நீங்கி, இப்போது கிராம நிர்வாக அலுவலர் அடங்கலை எழுதுகின்றார். வரப்போரக் கொடியும் ஊடுபயிராய்ப் படர்ந்த பறங்கியும் அடங்கலில் இடம்பெறுவது அரிது. கணக்கில் இல்லாத பயிருக்கு வெள்ளத்திலும் வறட்சியிலும் நிவாரணம் கேட்க வழியில்லை; இலாகாவும் அதை ஒரு பயிராக நினைப்பதில்லை. அடுத்த பசலியிலாவது, கலப்புப் பயிர் பத்தியில் பறங்கியை விடாமல் எழுதும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

வேளாண்மை உதவி அலுவலர்கள் உழவர் சந்தையில் பத்தை அரிந்து விற்கும் ஒவ்வொருவர் அருகிலும் மூடியுள்ள வாளி ஒன்றை வைக்கச் செய்தால், அன்றன்று சேரும் விதையை மகளிர் சுயஉதவிக் குழுவினர் எடுத்துச் சென்று பக்குவப்படுத்தலாம். விதை புளிப்பதற்கு முன், காலை பத்து மணிக்குள் எடுத்துச் செல்லுதல் வேண்டும். இது தவறினால் திட்டமே தவறும். விற்பனை செய்வதாயின் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்வது கட்டாயம். உலர்த்தும் முறையையும் பொதி கட்டும் முறையையும் கற்க வேண்டுவோர், 1965-ல் தொடங்கப்பெற்ற மதுரை வேளாண்மைக் கல்லூரியையும், அதனை அடுத்துள்ள சமுதாய அறிவியல் கல்லூரியையும் அணுகலாம். அங்குள்ளவரிடம் எனது வேண்டுகோள் ஒன்று: நம் கெட்டி ஓட்டு விதையைக் குடிசைத் தொழிலாய் உடைத்துப் பருப்பைப் பிரிக்கத்தக்க ஒரு சிறு கைக்கருவியைச் செய்து தருக. கடலை உடைக்கும் கருவி கிராமந்தோறும் இருக்கின்றது, இதற்கு இல்லை. இப்போது பெண்கள் ஒவ்வொரு விதையாக நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளிப் பிளக்கின்றனர். ஒரு கிலோவுக்கு ஒரு நாள் போகின்றது. இந்தக் கூலியைக் கணக்கிட்டால் லாபம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அதுவரையில் ஓட்டோடு வறுத்த விதையை விற்பதே உசிதம்.

கடைசியாக, வரும் பணம் யாரிடம் சேர வேண்டும் என்பதைப் பற்றி. கோழி முட்டை விற்ற காசும் மோர் விற்ற காசும் வீட்டுப் பெண்ணுடையது என்பது நம் கிராமங்களில் எழுதாத சட்டம். பறங்கி விதையின் காசும் அச்சட்டத்துக்கு உட்பட்டது என்றே நான் கொள்கின்றேன். சென்ற சித்திரையில் எங்கள் வீட்டில் நூறு காயின் விதை ஏழரைக் கிலோ தேறியது. அதில் விதைக்கு ஒதுக்கியது போக மிச்சத்தை என் மனைவி வறுத்து அக்கம்பக்கத்தில் விற்றாள். எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. இவ்வாண்டு விதைக்குக் குறித்து வைத்த ஆறு கொடிகளில் ஐந்து நன்றாய் இருக்கின்றன. ஒன்றைக் காய் ஈ கெடுத்துவிட்டது.